பாட்டை அடுக்க எந்த சாஃப்ட்வேர்? முதலில் 50 பாட்டைத் தனியாக எடுத்து வையுங்கள்

வீட்டு ஹார்ட் டிஸ்கில் பாட்டு எவ்வளவுதான் இருக்கிறது என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். 14,000-க்குக் கொஞ்சம் மேலே. அதில் 'டிராக் 01' என்ற பெயரில் மட்டும் 47 ஃபைல். அப்பாவின் கேசட்டிலிருந்து ஏற்றியது, ஒரே தட்டில் நூறு பாட்டு என்று பஸ் ஸ்டாண்டில் விற்ற எம்பி3 சிடியிலிருந்து இறக்கியது, விடுதி நண்பர்களின் பென்டிரைவ் வழியாக வந்தது, காசு கொடுத்து வாங்கிய சிடியை நானே கம்ப்யூட்டருக்கு மாற்றியது என எல்லாம் ஒரே கூடையில் கொட்டிக் கிடந்தது. அதை அடுக்க எந்த சாஃப்ட்வேர் நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். அவரவர் பாட்டுக்கு அது சரியாக இருந்திருக்கும், பொய் சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பாட்டுக்குச் சரிவருமா என்பதை நீங்களே ஒரு சாயங்காலத்தில் பரிசோதித்துப் பார்க்கலாம், அதற்கான வழிதான் இது.

முதலில் நான் பட்ட அடியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாஃப்ட்வேரை நிறுவினேன், பார்க்க அழகாக இருந்தது, "ஃபைல்களை நானே ஒழுங்குபடுத்தி வைக்கட்டுமா?" என்று கேட்டது, சரி என்று அமுக்கிவிட்டு சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் படவாரியாக இருந்த ஃபோல்டர்கள் ஒன்றையும் காணோம். எல்லாம் பாடகர் பெயரில் போயிருந்தது. 'எஸ்.பி.பி., ஜானகி' ஒரு ஃபோல்டர், 'ஜானகி, எஸ்.பி.பி.' இன்னொரு ஃபோல்டர், 'எஸ்.பி.பாலசுப்ரமணியம் & எஸ்.ஜானகி' மூன்றாவது. ஒரே படத்தின் ஆறு பாட்டு ஐந்து இடத்தில். பழையபடி ஆக்கு என்று சொல்ல ஒரு பட்டனும் இல்லை. பேக்கப்பும் இல்லை, அது என் தப்பு.

ஏன் அப்படி ஆகிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. இந்த சாஃப்ட்வேர்களில் பெரும்பாலானவை 'ஒரு ஆல்பம் என்றால் ஒரு பாடகர் அல்லது ஒரு குழு' என்ற உலகத்தில் பிறந்தவை. நமக்கு அப்படி இல்லை. சினிமாப் பாட்டுக்கு வீடு என்பது படம், வீட்டுக்காரர் இசையமைப்பாளர், பாடகர்கள் பாட்டுக்குப் பாட்டு மாறுவார்கள், பாடலாசிரியர் வேறு இருக்கிறார். "இளையராஜா பாட்டு" என்றுதான் கேட்கிறோம், அவர் அந்தப் பாட்டைப் பாடியிருக்கவே வேண்டாம். கர்நாடக சங்கீதத்துக்கு வந்தால் இன்னும் வேறு: பாடுபவர் ஒருவர், இயற்றியவர் இருநூறு வருஷத்துக்கு முந்தியவர், நடுவில் ராகமும் தாளமும் வந்து நிற்கும். ஆக, நமக்கு வேண்டியது நாம் சொல்கிற வரிசையில் அடுக்கும் சாஃப்ட்வேர், அது சொல்கிற வரிசையில் நம்மை அடுக்குவது அல்ல.

டேக் எங்கே எழுதப்படுகிறது?

ஒவ்வொரு பாட்டு ஃபைலுக்குள்ளும் பாட்டின் பெயர், படம், பாடகர், ஆண்டு, அட்டைப் படம் எல்லாம் வைக்க ஒரு இடம் இருக்கிறது. அதைத்தான் டேக் என்கிறோம். எம்பி3-யில் இதற்கு ஐடி3 என்று பெயர். ஃபைலின் பெயர் வேறு, உள்ளே இருக்கும் டேக் வேறு, இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் முக்கால்வாசித் தலைவலிக்குக் காரணம். நீங்கள் ஃபைலின் பெயரை அழகாக மாற்றி வைத்திருப்பீர்கள், போனில் போட்டால் பழைய குப்பைப் பெயரே தெரியும், ஏனென்றால் போன் டேகைப் படிக்கிறது.

சாஃப்ட்வேர் இரண்டு சாதி. ஒன்று, நீங்கள் திருத்துவதை ஃபைலுக்குள்ளேயே எழுதும். இன்னொன்று தன்னுடைய சொந்த நோட்டில், அதாவது ஒரு டேட்டாபேஸில், எழுதிவைத்துக்கொள்ளும். நிறைய சாஃப்ட்வேர் பெயரை ஃபைலிலும், நட்சத்திர மதிப்பெண், எத்தனை தடவை கேட்டோம் என்ற கணக்கு போன்றவற்றைத் தன் நோட்டிலும் வைத்துக்கொள்ளும். 2001-இல் வந்த ஆப்பிளின் ஐடியூன்ஸ் நட்சத்திரத்தை அப்படித்தான் வைத்திருந்தது. 2019-இல் மேக்கில் அதன் இடத்துக்கு மியூசிக் ஆப் வந்தது. பத்து வருஷம் உட்கார்ந்து நட்சத்திரம் போட்டவர் வேறு சாஃப்ட்வேருக்கு மாறினால், அதைப் பெயர்த்தெடுத்துக் கொண்டுபோகத் தனியாக வழி தேட வேண்டும். சாஃப்ட்வேர் வரும் போகும், பாட்டு ஃபைல் நம்மோடு இருக்கும். அதனால் என் முதல் கேள்வி எப்போதும் இதுதான்: நான் எழுதியது பாட்டோடு போகுமா, உன்னோடு போகுமா?

பரிசோதிப்பது சுலபம். ஒரு பாட்டில் பாடலாசிரியர் பெயரைச் சேர்த்து, நாலு நட்சத்திரம் போட்டு, அந்த ஃபைலை வேறொரு சாஃப்ட்வேரிலோ போனிலோ திறந்து பாருங்கள். பெயர் வரவில்லை என்றால் அந்த சாஃப்ட்வேர் வேண்டாம், மேற்கொண்டு பேச்சே இல்லை. நட்சத்திரம் வரவில்லை என்றால் உங்களுக்கு நட்சத்திரம் எவ்வளவு முக்கியம் என்பதைப் பொறுத்தது. நான் நட்சத்திரம் போடுவதையே விட்டுவிட்டேன்.

அந்த 50 பாட்டு

14,000 பாட்டையும் கொண்டுபோய் ஒரு புது சாஃப்ட்வேரிடம் ஒப்படைக்காதீர்கள். ஒரு ஃபோல்டரில் 50 பாட்டை நகல் எடுத்து வையுங்கள், அதுவும் நல்ல பிள்ளைகளாகப் பார்த்து எடுக்காமல் இருப்பதிலேயே மோசமானதாகப் பொறுக்குங்கள். என் ஃபோல்டரில் என்ன இருந்தது என்றால்: டேகே இல்லாத 'டிராக் 01' ஐந்து. ஒரு முழுப் படத்தின் பாட்டுகள், பாடகர்கள் எல்லாரும் வேறு வேறு. விஸ்வநாதன்-ராமமூர்த்தி பாட்டு நாலைந்து, அவர்கள் 1965-இல் பிரிந்த பிறகு விஸ்வநாதன் தனியாக இசையமைத்தது நாலைந்து. ஏதோ ஒரு இணையதளம் பாட்டின் பெயர், படப் பெயர், பாடகர் பெயர் எல்லாவற்றிலும் தன் விலாசத்தை ஒட்டிவைத்திருக்கும் ஃபைல் பத்து. ஒரு பக்கம் முழுக்க 30 நிமிஷம் ஒரே ஃபைலாக ஏற்றிய கேசட். ராகம் எழுத வேண்டிய கீர்த்தனைகள் ஐந்து. ஒரே பாட்டு மூன்று தரத்தில். எம்பி3 அல்லாத வேறு ஃபைல் வகைகளில் ஃபிளாக் ஒன்று, எம்4ஏ ஒன்று, அந்தக் காலத்து விண்டோஸ் மீடியா பிளேயரில் சிடியை ஏற்றியவர்களிடம் தவறாமல் இருக்கும் டபிள்யூஎம்ஏ ஒன்று. அப்புறம் தமிழில் டேக் எழுதியது சில, யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் எழுதியது சில.

கடைசியாகச் சொன்னதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளியூர்க்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது.

டிஸ்கி, டேப், பாமினி என்ற பழைய எழுத்து முறைகளின் காலத்தில் எழுதிய டேக்கைத் திறந்தால் தலையில் புள்ளியும் கொம்பும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகளாகத் தெரியும், பாமினி என்றால் வெறும் ஆங்கில எழுத்துகள் கன்னாபின்னாவென்று. எந்த சாஃப்ட்வேரும் இதைத் தானாகச் சரிசெய்யாது. அந்தப் பெயரைக் காப்பி செய்து என்.எச்.எம். கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கி ஒட்ட வேண்டியதுதான். அடுத்தது, எம்பி3-யின் பழைய டேக் வகை, ஐடி3 பதிப்பு 1. அதில் பாட்டின் பெயருக்கு 30 பைட், பாடகர் பெயருக்கு 30 பைட், அவ்வளவுதான் இடம். யூனிகோடைச் சேமிக்கும் முறைகளில் ஒன்றான யுடிஎஃப்-8-இல் ஒரு தமிழ் எழுத்துக்கு 3 பைட் வேண்டும், அதிலும் மெய்யின் புள்ளி, இகரக் கொக்கி எல்லாம் தனித்தனிக் கணக்கு. எம்.எஸ்.விஸ்வநாதன் என்று அதில் எழுதப் பார்த்தால் 'எம்.எஸ்.விஸ' என்பதோடு இடம் தீர்ந்துவிடும். ஆகவே அமைப்புகளில் போய் ஐடி3 பதிப்பு 2.3, யுடிஎஃப்-16 என்று வைத்துக்கொள்ளுங்கள். பதிப்பு 2.4-இல் யுடிஎஃப்-8 எழுதலாம், அது புதியதுதான், ஆனால் பழைய கார் ஸ்டீரியோக்களும் டிவிடி பிளேயர்களும் 2.3-ஐத்தான் ஒழுங்காகப் படிக்கின்றன. உங்கள் சாஃப்ட்வேரில் இதைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை என்றால் அதையும் ஒரு குறையாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

தேடலையும் பாருங்கள். 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது முன்னால் வரும் எகரக் கொம்பையும் பின்னால் வரும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். தேடும் பெட்டியில் 'கொடி' என்று அடித்தால் ஒன்று வரும், ஒன்று வராது. மேக்கிலிருந்து வந்த ஃபைல் பெயர்களில் இந்த வேடிக்கை நடக்க வாய்ப்பு அதிகம். வரிசையும் அப்படித்தான். யூனிகோடு எண்ணை வைத்து வரிசைப்படுத்தும் சாஃப்ட்வேரில் ந-வுக்கு அடுத்து ன, ர-வுக்கு அடுத்து ற, ல-வுக்கு அடுத்து ள, ழ என்று வரும், நம் அகரவரிசை அப்படி இல்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படவில்லை, கீழே போய்த் தேட வேண்டியதை நடுவில் பார்த்தேன், பழகிவிட்டது. அம்மாவுக்குத்தான் கோபம் வந்தது.

டேக்கைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பதை முன்னாடியே முடிவு செய்துவிடுங்கள். ஆங்கிலத்தில் எழுதினால் எழுத்துக்கூட்டல் தொல்லை. இளையராஜா பெயரை மட்டும் என் டிஸ்கில் ஏழு விதமாக எழுதியிருந்தார்கள்: நடுவில் 'ஏஐ' போட்டது, 'ஏ' மட்டும் போட்டது, கடைசியில் 'ஏ' இரண்டு, ஒன்று, ஆரம்பத்தில் 'எல்' இரண்டு என்று. சாஃப்ட்வேருக்கு அவர்கள் ஏழு பேர். தமிழில் எழுதினால் பெயர் ஒன்றுதான், ஆனால் கார் ஸ்டீரியோவில் கட்டம் கட்டமாகத் தெரியும். நான் கடைசியில் ஃபைல் பெயரையும் ஃபோல்டர் பெயரையும் ஆங்கில எழுத்தில் வைத்தேன், டேக்கைத் தமிழில் வைத்தேன். டேக்கில் வரிசைப்படுத்துவதற்கென்றே தனிக் கட்டங்கள் உண்டு, வேண்டுமானால் அதில் ஆங்கிலத்தில் எழுதலாம், அப்போது தெரிவது தமிழ், வரிசை ஆங்கிலம்.

எந்தக் கட்டத்தில் எதை எழுதுவது

இது என் வழக்கம், உங்களுக்குப் பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். ஆல்பம் என்ற கட்டத்தில் படத்தின் பெயர். 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' என்ற கட்டத்தில் இசையமைப்பாளர். ஆர்ட்டிஸ்ட் என்ற கட்டத்தில் அந்தப் பாட்டைப் பாடியவர்கள். கம்போசர் கட்டத்தில் மறுபடி இசையமைப்பாளர், பாடலாசிரியருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் அவர். ஆண்டு கட்டாயம் வேண்டும், ஒரே பெயரில் இருபது முப்பது வருஷ இடைவெளியில் இரண்டு படம் வந்திருப்பது நம் ஊரில் சாதாரணம். அப்படி வந்தால் படப் பெயரோடு ஆண்டையும் ஒட்டிவிடுங்கள், இல்லையென்றால் இரண்டு படமும் ஒரே ஆல்பமாகச் சேர்ந்து பன்னிரண்டு பாட்டுப் படமாகிவிடும்.

அந்த 'ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்' கட்டம்தான் எல்லாவற்றையும் காப்பாற்றுவது. அதில் ஒரே பெயர் இருந்தால் பாடகர்கள் எத்தனை பேராக இருந்தாலும் படம் உடையாது. என் ஃபோல்டர்கள் சிதறியதற்குக் காரணமே அந்தக் கட்டம் எல்லாப் பாட்டிலும் காலியாக இருந்ததுதான். எனவே ஒரு சாஃப்ட்வேர் இந்தக் கட்டத்தைப் படிக்கிறதா, அதை வைத்துக் கூட்டம் சேர்க்கிறதா என்று 50 பாட்டில் அந்த முழுப் படத்தை வைத்துப் பாருங்கள். ஆறு பாட்டும் ஒரே அட்டைப் படத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தால் சரி.

கர்நாடக சங்கீதத்துக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பாடுபவர், கம்போசர் தியாகராஜரோ தீட்சிதரோ. ராகத்துக்கும் தாளத்துக்கும் கட்டம் கிடையாது, நாமே உண்டாக்க வேண்டும். சிலர் 'வகை' என்ற கட்டத்தில் ராகத்தை எழுதிவிடுகிறார்கள், அது குறுக்கு வழி, ஆனால் எல்லா போனிலும் எல்லா ஆப்பிலும் தெரியும் என்பதால் மோசமில்லை. சொந்தக் கட்டம் உண்டாக்கினால் தோடி என்று அமுக்கினால் வீட்டில் இருக்கும் தோடி எல்லாம் வரிசையாக வந்து நிற்கும், அந்த சுகம் தனி. கீழே சொல்லப்போகும் மியூசிக்பீ, ஃபூபார்2000 இரண்டிலும் இது முடியும்.

சரி, பெயர்களுக்கு வருவோம்

டேக் திருத்துவது ஒரு வேலை, பாட்டைத் தேடிக் கேட்பது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே சாஃப்ட்வேரில் தேடுவதால்தான் எதுவும் பிடிக்காமல் போகிறது. நான் இரண்டு வைத்திருக்கிறேன்.

திருத்துவதற்கு விண்டோஸில் எம்பி3டேக். இலவசம், மேக்குக்கு மட்டும் காசு. பெயரில் எம்பி3 இருந்தாலும் ஃபிளாக், எம்4ஏ, டபிள்யூஎம்ஏ எல்லாம் திருத்தும். பார்க்க எக்செல் ஷீட் மாதிரி இருக்கும், அதுதான் அதன் அழகு. அந்த ஏழு இளையராஜாவை ஒன்றாக்கியது இப்படித்தான்: கம்போசர் பத்தியின் தலைப்பை அமுக்கினேன், எல்லாப் பாட்டும் அந்தப் பெயர்வாரியாக வரிசையாக வந்தது, ஏழு கூட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, இடது பக்கக் கட்டத்தில் ஒரே ஒரு தடவை சரியான பெயரை அடித்து, கண்ட்ரோல்-எஸ் அமுக்கினேன். ஆயிரத்துச் சொச்சம் பாட்டு, இரண்டு நிமிஷத்தில் முடிந்தது. இணையதள விலாசங்களையும் இதே மாதிரி கொத்தோடு பிடுங்கலாம், 'இந்தச் சொல்லைக் கண்டால் ஒன்றுமில்லாததாக மாற்று' என்று ஒரு ஆக்‌ஷன் எழுதி வைத்து, புதிதாக வரும் ஒவ்வொரு பாட்டுக்கும் அதை ஓட்டிவிட்டால் போதும். ஃபைல் பெயரில் '03 - பாட்டு - பாடகர்' என்று ஒழுங்காக இருந்து டேக் மட்டும் காலியாக இருந்தால், ஃபைல் பெயரைப் பிய்த்து டேக்கில் நிரப்பும் வசதி இருக்கிறது, டேக்கிலிருந்து ஃபைல் பெயர் செய்யும் எதிர் வசதியும் இருக்கிறது. இரண்டிலும் முதலில் எப்படி வரும் என்று காட்டிவிட்டுத்தான் செய்யும். லினக்ஸ்காரர்களுக்கு கிட்3, அது விண்டோஸ், மேக்கிலும் ஓடும், இலவசம்.

பெயரே தெரியாத பாட்டுக்கு மியூசிக்பிரெய்ன்ஸ் பிக்கார்ட். இது பாட்டைக் காதால் கேட்பது போல அதன் ஒலியிலிருந்து ஒரு கைரேகை எடுத்து, அக்கூஸ்ட்ஐடி என்ற பொதுக் களஞ்சியத்தில் தேடிப் பார்த்து, மியூசிக்பிரெய்ன்ஸ் டேட்டாபேஸிலிருந்து பெயரைக் கொண்டுவரும். ஆங்கிலப் பாட்டுக்கு அசத்தும். தமிழுக்குக் கையை வைத்த இடமெல்லாம் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள், யாராவது ஏற்றியிருந்தால்தானே இருக்கும். இன்னொரு சிக்கல், ஒரு பாட்டு படத்தின் ஆல்பத்திலும் இருக்கும், 'காதல் பாடல்கள்' தொகுப்பிலும் இருக்கும், பிக்கார்ட் சில நேரம் தொகுப்பைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் அசந்தால் ஒரு படத்தின் ஆறு பாட்டு நாலு தொகுப்புக்குப் போய்விடும். அதனால் ஆல்பத்துக்குப் பக்கத்தில் தங்க நிறத் தட்டு வந்திருந்தால், அதாவது அந்த ஆல்பத்தின் எல்லாப் பாட்டும் பொருந்தியிருந்தால், அதையும் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு மட்டும் சேமியுங்கள். ஃபைலை நகர்த்து, பெயர் மாற்று என்ற இரண்டு டிக்கையும் ஆரம்பத்தில் எடுத்துவிடுங்கள். என் 47 'டிராக் 01'-இல் இது 11 பாட்டைக் கண்டுபிடித்தது. மிச்சத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன், முன்னிசையில் வயலின் ஆரம்பித்ததுமே படம், பாடினவர், எந்த தியேட்டரில் பார்த்தேன் என்பது வரை சொல்லிவிட்டார், 27 பாட்டு தேறியது.

கேட்பதற்கும் தேடுவதற்கும் விண்டோஸ் என்றால் மியூசிக்பீ. இலவசம். இசையமைப்பாளர்வாரியாக, ஆண்டுவாரியாக, நாம் உண்டாக்கிய ராகம்வாரியாக எப்படி வேண்டுமானாலும் இடது பக்கத்தைப் பிரித்துக்கொள்ளலாம். புதிதாக வந்த பாட்டை நேராக நூலகத்தில் சேர்க்காமல் 'இன்பாக்ஸ்' என்ற வாசல் திண்ணையில் உட்காரவைக்கும், டேக்கைச் சரிசெய்த பிறகு உள்ளே அனுப்பலாம். சின்ன விஷயம்தான், ஆனால் குப்பை மறுபடி சேராமல் இருப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் பார்க்கவில்லை. ஃபூபார்2000 இன்னும் இலேசானது, பழைய கம்ப்யூட்டரிலும் பறக்கும், ஆனால் மொட்டையாக இருக்கும், அதை நமக்கேற்ப மாற்ற உட்கார்ந்தால் பாட்டு கேட்க நேரமிருக்காது. அப்படிப் பிரித்து மேய்வதே பிடிக்கும் ஆட்களுக்கு அது சொர்க்கம். லினக்ஸில் ஸ்ட்ராபெரி நன்றாக இருக்கிறது, பழைய கிளெமன்டைனிலிருந்து பிரிந்தது. கட்டளை வரியில் வாழ்பவர்கள் பீட்ஸைப் பார்க்கலாம். மேக்கில் கூடவே வரும் மியூசிக் ஆப்பே பலருக்குப் போதும், ஃபிளாக் வைத்திருப்பவர்கள்தான் வேறு தேட வேண்டும், ஸ்வின்சியன் என்று ஒன்று காசுக்குக் கிடைக்கிறது.

வீட்டில் நாலு பேர் நாலு போனில் கேட்க வேண்டும் என்றால் கதை மாறுகிறது, அப்போது சர்வர். பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்போ ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டரோ போதும், அதில் நாவிட்ரோம் என்ற சர்வர் சாஃப்ட்வேரை ஓட விட்டால் வீட்டு வைஃபையில் இருக்கும் எல்லா போனிலும் உங்கள் பாட்டு உங்கள் சொந்த ஸ்ட்ரீமிங் போல ஓடும். இலவசம், உங்கள் பாட்டு ஃபைலை அது தொடாது, படிக்க மட்டும் செய்யும், எனக்கு அதுதான் பெரிய நிம்மதி. ஆனால் அது ஃபோல்டரைப் பார்த்து அடுக்குவதில்லை, டேக்கைப் பார்த்துத்தான் அடுக்கும், டேக் சரியில்லாமல் அதை நிறுவினால் 'தெரியாதவர்' என்ற ஒரே பாடகருக்கு ஒன்பதாயிரம் பாட்டு இருக்கும். பாட்டோடு படமும் சீரியலும் சேர்த்து வைத்திருப்பவர்கள் ஜெல்லிஃபின் போடலாம். போனில் மட்டும் மெமரி கார்டில் ஏற்றிக் கேட்பவர்களுக்கு இந்த வம்பெல்லாம் வேண்டாம், ஆண்ட்ராய்டில் மியூசிகோலெட் இன்டர்நெட்டே இல்லாமல் ஓடும். 128 கேபிபிஎஸ், அதாவது நொடிக்கு 128 கிலோபிட், எம்பி3 நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்பி, ஐந்து நிமிஷப் பாட்டு 14,000 இருந்தாலும் 70 ஜிபி பக்கம்தான் வரும், ஒரு 128 ஜிபி கார்டில் அடங்கிவிடும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது

எல்லாவற்றுக்கும் முன்னால் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்கில் அப்படியே நகல் எடுத்து, அதைக் கழற்றி பீரோவில் வையுங்கள். வேலை முடியும் வரை அதைத் தொடக்கூடாது. பென்டிரைவில் பேக்கப் எடுப்பது கணக்கில் சேராது.

அடுத்து ஒரே பாட்டு பலமுறை இருப்பதைக் களைவது. டூப்குரு என்ற சாஃப்ட்வேரில் இசைக்கென்றே ஒரு முறை இருக்கிறது, டேக்கையும் ஒப்பிடும், உள்ளிருப்பதையும் ஒப்பிடும். அது காட்டியதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழிக்காதீர்கள், படத்தில் வந்தது, தட்டில் வந்தது, பிற்பாடு புதிதாக ஒலிப்பதிவு செய்தது என்று ஒரே பாட்டு வேறு வேறாக இருக்கும். எது நல்ல தரம் என்று பார்க்க ஃபைலின் அளவை நம்பவும் முடியாது. 128 கேபிபிஎஸ் ஃபைலை எடுத்து 320 ஆக மாற்றி வைத்திருப்பார்கள், அளவு பெருகும், ஒலி பெருகாது. ஸ்பெக் என்ற குட்டி சாஃப்ட்வேரில் பாட்டை இழுத்துப் போட்டால் அதிர்வெண் படம் வரைந்து காட்டும், 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் வெட்டியது போல இருட்டாக இருந்தால் அது 128-ஆகப் பிறந்தது. கேசட்டிலிருந்து வந்ததிலும் பழைய ரெக்கார்டிலிருந்து வந்ததிலும் மேலே ஒன்றும் இருக்காது, அதற்கு இந்தச் சோதனை வேண்டாம்.

கேசட் ஃபைல்களை ஆடாசிட்டி என்ற ஒலி வெட்டும் சாஃப்ட்வேரில் திறந்து, பாட்டுக்கு நடுவே இருக்கும் மௌனத்தில் லேபிள் போட்டு, லேபிள்வாரியாக ஒரே தடவையில் பிரித்து ஏற்றுமதி செய்யலாம். லேபிளில் பாட்டின் பெயரை அடித்துவிட்டால் ஃபைல் பெயரும் அதுவாகவே வரும். அலை வடிவத்தில் மௌனம் பட்டையாகத் தெரியும், கண்ணாலேயே பிரித்துவிடலாம், ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிஷம்.

அப்புறம் டேக். தினம் ஒரு இசையமைப்பாளர் என்று எடுத்துக்கொள்ளுங்கள், பாட்டுப் பாட்டாகப் போனால் இந்த ஜென்மத்தில் முடியாது. முதலில் ஆல்பம் ஆர்ட்டிஸ்ட், படம், ஆண்டு மட்டும். பாடகர், பாடலாசிரியர் எல்லாம் இரண்டாம் சுற்று. டேக் முடிந்த பிறகுதான் ஃபோல்டர். 'இசையமைப்பாளர், அதற்குள் ஆண்டு - படம், அதற்குள் எண் - பாட்டு' என்று எம்பி3டேக்கிலோ மியூசிக்பீயிலோ ஒரு அச்சு எழுதிக் கொடுத்தால் அதுவே ஃபோல்டர் உண்டாக்கி நகர்த்திவிடும். ஆண்டு முன்னால் வருவதால் ஒருவருடைய படங்கள் கால வரிசையில் நிற்கும். பாட்டுப் பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால் விண்டோஸ் ஃபைல் பெயரில் ஏற்காது. முழு முகவரியும் 260 எழுத்துக்குள் இருப்பதும் நல்லது. லினக்ஸில் ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான், தமிழில் வைத்தால் குறிகளையும் சேர்த்து 85 எழுத்தில் தீர்ந்துவிடும், பாட்டின் முதல் வரி முழுவதையும் பெயராக வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஒலி அளவு ஏற்றத்தாழ்வு பெரிய தொல்லையாக இருந்தால், 1960களின் பாட்டு முணுமுணுத்துவிட்டு அடுத்த பாட்டு அலறும், அதற்கு ரீபிளேகெயின். ஃபூபாரிலும் மியூசிக்பீயிலும் இருக்கிறது. ஒவ்வொரு பாட்டும் எவ்வளவு சத்தம் என்று அளந்து டேக்கில் குறித்துவைக்கும், பாட்டின் ஒலியைத் தொடாது. 14,000 பாட்டையும் அளக்க ஒரு ராத்திரி ஓடட்டும் என்று விட்டுவிடுங்கள்.

பிளேலிஸ்ட்டைச் சேமிக்கும்போது எம்3யு8 என்ற வகையில் சேமியுங்கள். அந்த 8 யுடிஎஃப்-8-ஐக் குறிப்பது, அது இல்லாத பழைய எம்3யு-வில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறியாகி பாட்டு ஓடாமல் போகலாம். முகவரியை டிஸ்க் எழுத்தோடு சேர்த்து எழுதாமல் 'இந்த ஃபோல்டரிலிருந்து' என்று எழுதும் தேர்வு இருந்தால் அதைப் போடுங்கள், டிஸ்கை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினாலும் ஓடும்.

காருக்குப் பென்டிரைவ் போடும்போது இரண்டு விஷயம். பல ஸ்டீரியோக்கள் எஃப்ஏடி32-ஐ மட்டுமே படிக்கும், அந்த வகையில் ஃபார்மட் செய்யுங்கள். அப்புறம், சில ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல் காப்பி ஆன வரிசையிலேயே பாடும், எங்கள் கார் அந்த ரகம். அதனால் எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கொட்டாமல் ஃபோல்டர் ஃபோல்டராக, எந்த வரிசையில் கேட்க வேண்டுமோ அந்த வரிசையில் காப்பி செய்கிறேன். தேறாமல் நின்றுபோன ஒன்பது 'டிராக் 01'-ஐயும் 'யாரோ' என்ற ஃபோல்டரில் போட்டுக் கடைசியாக ஏற்றிவிட்டேன். ஊருக்குப் போகும்போது, வண்டியில் வருகிற பெரியவர்கள் யாராவது சொல்வார்கள்.